ஆறாவது பெட்டி

கண்ணு சரவணா,

முதலில் இந்தக் கடிதத்தைப் படித்து முடி. கூடவே வந்திருக்கும் அட்டைப் பெட்டியை அதற்குப் பிறகு பிரிக்கலாம். உனக்குப் பொறுமை குறைவு என்று தெரியும். அதனால்தான் பேக்கிங் டேப்பை நாலு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்து, அப்பா யாரையோ பிடித்து எழுத வைத்திருக்கிறார் என்று நினைப்பாய். இல்லை, நானேதான் எழுதுகிறேன். ஆரம்பித்து ஒரு மாதமாகிறது, இது திருத்தி எடுத்து எழுதியது. காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் வெயில் ஏறுவதற்குள் அரைப் பக்கம் வரும். எழுபத்திரண்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் உனக்குத்தான். உன் அம்மா சும்மா இருப்பாளா? "ஏனுங்க, அவன் ஊட்டுக்கே நடந்து போயிருந்தாக்கூட இந்நேரம் சொல்லிட்டு வந்திருக்கலாமுங்க" என்கிறாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். அந்த மிடுக்கு அவளுக்கு இன்னும் போகவில்லை.

தை மாதம் நீ போன் செய்து அம்மாவிடம் பேசியது எனக்கும் கேட்டது. வார்தாவில் புது வீடு வாங்கியாயிற்று, அதில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, பழைய தண்டவாளத்தை எல்லாம் அங்கே போட்டு ஓட்டப் போகிறேன், பரண்மேல் இருக்கிற சின்ன ரயில் பெட்டிகளை அனுப்பி வையுங்கள் என்றாய். அம்மா "எத்தன கண்ணு?" என்று கேட்டாள். "அஞ்சுதானுங்கம்மா. ஆறாவதுதான் போச்சே" என்று சிரித்தாய். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சிரித்தாய் என்று தெரியும். இருந்தாலும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஐந்தாக அனுப்பக் கூடாது, ஆறாகத்தான் அனுப்ப வேண்டும் என்று அங்கே நின்றுதான் முடிவு செய்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நாம் இருவரும் இதுவரை பேசியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். நீ கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். கோயம்புத்தூரில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ரங்கசாமி ஐயா தன்னிடமிருந்தவற்றில் ஆறு பொம்மை சரக்குப் பெட்டிகளை உனக்குக் கொடுத்தார். பொம்மை என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். சரி, மாடல். வெளிநாட்டில் செய்து டப்பாவில் வருவது. உள்ளங்கை நீளம், நாலு சக்கரம், பக்கமெல்லாம் மரப்பலகை அடித்ததுபோல் கோடு, நடுவில் தள்ளித் திறக்கும் கதவு. அதை அப்படியே ஓட்ட உனக்கு மனம் வரவில்லை. நான் திருப்பூர் கூட்ஸ் ஷெட்டில் இருபத்தாறு வருஷம் பஞ்சு மூட்டை, எங்கள் பாஷையில் பேல், இறக்கியவன். அந்தக் கதையை எல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நீ. அப்பா இறக்கிய பெட்டியாக இதை மாற்றுகிறேன் என்று ஆரம்பித்தாய். பலகைக் கோட்டைச் சுரண்டினாய். மேலே தகடு ஒட்டினாய். எங்கள் பெட்டிகளுக்கு வெளிப்பக்கம் எலும்பு மாதிரி நிற்குமே, அந்த இரும்புச் சட்டங்களை ஒவ்வொன்றாக வெட்டி நிறுத்தினாய். வேறொரு தேசத்து வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நம் ஊர் வண்டியாக மாறியதை நான் சாப்பிடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறும் முடிந்தன. பெட்டியின் பக்கத்தில் வரும் எழுத்தும் எண்ணும் மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் மாடல் ரயில் கண்காட்சி. ஐந்து பெட்டிக்கு எழுத்தை ஒட்டிவிட்டாய். ஆறாவது பெட்டிக்கான எழுத்து அச்சடித்த தாள், ஒட்டுவதற்காகத் தண்ணீரில் நனைத்தபோது கிழிந்துபோனது. நீ தலையில் கை வைத்து உட்கார்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது நான் வீரபாண்டியில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வாட்ச்மேன். டீ ஷர்ட்டில் நெஞ்சுப் பக்கம் எழுத்து ஸ்டிக்கர் வைத்து, மேலே சூடான தகட்டை இறக்கி அமுக்குவார்கள். ஒரு நொடியில் ஒட்டிவிடும். நீ கல்லூரிக்குப் போனதும் ஆறாவது பெட்டியையும் கிழிந்த தாளையும் சோற்றுப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். தாளைப் பார்த்து ஸ்டிக்கர் செய்து கொடுத்தார்கள். அந்த மிஷினில் நின்ற இந்திக்காரத் தம்பி முன்னா தயங்கினான். "தாத்தா, இது வேணாம். மிஷின் ரொம்ப சூடு" என்றான். "பனியன் துணியே தாங்குது. இத்தன கெட்டியா இருக்கறது தாங்காதா? அமுக்கு கண்ணு" என்றேன். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே அமுக்குங்க" என்று நகர்ந்துவிட்டான். நானே அமுக்கினேன். தகட்டைத் தூக்கிப் பார்த்தால் உன் ஆறாவது பெட்டி அப்பளம். சக்கரம் மட்டும் தெறித்து உருண்டு மிஷினுக்கு அடியில் போய்விட்டது. எழுத்து மட்டும் அழகாக ஒட்டியிருந்தது. அதுவும் தலைகீழாக. அது தலைகீழ் என்பதுகூட நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நீ கத்தவில்லை. அப்பளத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ஏனுங்கப்பா, எழுத்தே தெரியாத நீங்க எதுக்குங்க எழுத்துல கை வெச்சீங்க?" என்று கேட்டாய். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு நீ போகவில்லை. ஐந்து பெட்டியையும் பழைய துணியில் சுற்றிப் பரணில் வைத்தாய். இரண்டு மாதத்தில் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டாய். அப்படிக் கேட்டதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை கண்ணு. நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் எனக்கு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

எழுத்து தெரியாததை நான் ஒரு குறையாகக் காட்டிக்கொண்டதே இல்லை. கூட்ஸ் ஷெட்டில் தோளுக்குத்தான் வேலை, கண்ணுக்கு இல்லை. பேலை இறக்கிய பிறகு காலியான பெட்டிகளில் பனியன் பண்டல் ஏற்றி அனுப்புவோம். ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் சின்னதாக ஒரு சட்டம் இருக்கும். எங்கிருந்து எங்கே என்று எழுதிய சீட்டை கிளார்க் அதில் செருகுவார். எனக்கு எப்போதும் ஓர் ஆசை, நான் ஏற்றியது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள. ஒருமுறை கேட்டே விட்டேன். "சாமி, இது எங்கீங்க போகுது?" அவர் சீட்டைச் செருகிக்கொண்டே, "எங்க போனா உனக்கென்னப்பா, நீ ஏறியா போகப்போற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நம் மங்கலத்தில் ரேஷன் கடை மாடியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தால் எல்லோரும் பெண்கள். சொல்லித் தருகிறவள் ஜோதிமணி, பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எனக்கு உள்ளே போகக் கூச்சம். முதல் வாரம் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களிடம் எல்லாம் வகுப்புக்கு வாட்ச்மேன் என்று சொன்னேன். எட்டாவது நாள் ஜோதிமணி வெளியே வந்து, "ஏனுங்க, உங்களுக்குச் சம்பளம் யாருங்க குடுக்கறா?" என்று கேட்டாள். "யாரும் இல்லீங்க" என்றேன். "அப்பொறம் உள்ள வந்து உக்காருங்க. வெளிய இருந்து தலைய நீட்டி நீட்டிக் கழுத்துச் சுளுக்கிக்கும்" என்றாள். எட்டு மாதத்தில் தமிழ் வந்தது. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்து, ஒருநாள் கண்டக்டரிடம் திட்டுகூட வாங்கினேன். அந்தத் திட்டை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் எண்களையும் கேட்டு வாங்கிப் படித்தேன். "இங்கிலீசு எதுக்குங்க தாத்தா உங்களுக்கு?" என்றாள். "ரயில் பெட்டியில எழுதோணுமுங்க" என்றேன். அவள் எதையும் ஒரு தடவைதான் கேட்பாள். நல்ல பெண்.

உன் போன் வந்த மறுநாளே கோயம்புத்தூருக்கு ரயில் ஏறி ரங்கசாமி ஐயா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன தடவ ஒண்ண அப்பளமாப் பொரிச்சது நீங்கதானுங்களா?"

"நானேதானுங்க."

"இப்ப என்னங்க வேணும்?"

"சரவணனுக்கு அனுப்பறதுக்கு அதே மாதிரி இன்னொண்ணு வேணுமுங்க. பொரிக்கறதுக்கில்லீங்க."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார். அந்த மாடல் இப்போது எங்கும் கிடைப்பதில்லை, தன்னிடம் இருப்பதே இது ஒன்றுதான் என்றார். "கொண்டு போங்க. இந்த வருசக் கண்காட்சி அன்னைக்குச் செஞ்சு கொண்டாங்க. சரியா வந்திருந்தா நானே எஞ்சின் பின்னால கோத்து ஓட்டறனுங்க. சரியில்லீன்னா கேக்காதீங்க, பெட்டிய உள்ள வெச்சுக்குவேன். சரவணன் ஊட்டுக்கு அஞ்சுதான் போகும்" என்றார். அந்த டப்பாவை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்தவர் என்ன இது என்று கேட்டார். டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வேலையை எப்படிச் செய்தேன் என்று விவரமாக எழுதுகிறேன். நீ ரசிப்பாய். பலகைக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கவே ஒரு வாரம் ஆனது. தகட்டுக்கு எங்கே போவது? சட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைக்கும்போது காலருக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை செருகுவார்களே, அதை வெட்டி ஒட்டினேன். சட்டங்களும் அதிலேதான். ஏறும் கைப்பிடிக் கம்பிக்கு, விலைச்சீட்டைத் துணியில் மாட்டும் டேக் பின். வண்டி லேசாக இருந்தால் வளைவில் குதிக்கும் என்று நீ புலம்பியது ஞாபகம் இருந்தது. அதனால் பனியன் மிஷினில் உடைந்து விழும் ஊசிகளை நிட்டிங் பட்டறையில் கேட்டு வாங்கி, தரைத்தகட்டுக்கு அடியில் வரிசையாக அடுக்கி ஒட்டினேன். "வயித்துக்குள்ள ஊசிய வெச்சுத் தெக்கறீங்களே, நீங்க டாக்டருங்களா?" என்றாள் அம்மா. சக்கரம் மட்டும் புதிது இல்லை. அன்று மிஷினுக்கு அடியில் உருண்டதே, குனிந்து பொறுக்கி வந்த அதே நாலு சக்கரம். ஒன்பது வருஷமாக என் மருந்து டப்பாவில்தான் இருந்தது.

நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கூட்ஸ் பெட்டியின் சிவப்பு உனக்குத் தெரியும், செங்கல்லும் இல்லை, காபியும் இல்லை. மூன்று தடவை கலக்கியும் சரியாக வரவில்லை. அம்மா வாசலைக் கூட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். "இது இல்லீங்க. இன்னுங் கொஞ்சம் கருப்புச் சேருங்க" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "இருபத்தாறு வருசம் உங்க வேட்டியில இருந்து அந்தக் கறைய நாந்தானுங்க தொவைச்சேன். எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். அவள் சொல்லச் சொல்லக் கலக்கினேன். நாலாவது சொட்டில் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதுவேதான் நிறம். சரவணா, அந்தப் பெட்டியை நான் தோளால் அறிந்தேன் என்றால் அவள் சோப்பால் அறிந்திருக்கிறாள். எனக்கு அது இத்தனை நாள் தோன்றவே இல்லை. உனக்கும் உன் வீட்டில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். நீ செய்கிற வேலையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிடாதே. ஒருமுறை கேட்டுப் பார்.

இப்போது இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உன் ஐந்து பெட்டியிலும் ஒரு குறை இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. அன்றே பார்த்தேன், சொல்லவில்லை. நீ கதவை மேலிருந்து கீழ் வரை ஒரே துண்டாகச் செய்திருக்கிறாய். படத்தைப் பார்த்துச் செய்தாய். மூடிய கதவைத் தூரத்திலிருந்து எடுத்த படம். நாங்கள் இறக்கிய பெட்டிகளில் இரண்டு கதவும் பக்கவாட்டில் திறந்த பிறகு, அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை தனியாக நிற்கும். கொக்கியை எடுத்துவிட்டால் அது வெளிப்பக்கம் சாய்ந்து பிளாட்பாரத்தில் படியும். அதன்மேல் நடந்துதான் பேலை உருட்டிக்கொண்டு வருவோம். காலடியில் கிடந்ததை நான் எப்படி மறப்பேன்? ஆனால் நீ கம்ப்யூட்டரில் வரைபடம் வைத்துக்கொண்டு இருந்தாய். படித்த பையனுக்கு நாம் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். தெரியாத எழுத்தில் கை வைத்ததைவிட, தெரிந்த கதவைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததுதான் என் பெரிய தப்பு. யார் எவ்வளவு படித்திருந்தாலும் சரி, உன் கால் பட்ட விஷயத்தை நீ சொல்லிவிடு. கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

ஆறாவது பெட்டியில் அந்தப் பலகையைத் தனியாக அறுத்து வைத்தேன். பனியன் மிஷின் ஊசியின் நுனியில் திறந்து மூடுகிற சின்ன நாக்கு ஒன்று இருக்கும். அதையே கொக்கியாக வைத்தேன். நகத்தால் தட்டினால் பலகை சாயும். கடைசியாக எழுத்து. ஸ்டிக்கர் இல்லை, தாள் இல்லை. உடைந்த ஊசி முனையை வெள்ளைப் பெயிண்டில் தொட்டு, துணியில் இழை எண்ணும் லென்ஸை அம்மா பிடித்துக்கொள்ள, நானே எழுதினேன். எழுத்தும் எண்ணுமாக ஒரு பக்கத்துக்குப் பதினொன்று. ஒரு நாளைக்கு இரண்டு, கை நடுங்கினால் ஒன்று. ஒன்று கோணினால் துடைத்துவிட்டு மறுநாள். வேகமாக எழுதத் தெரிந்தவனால் அதை எழுத முடியாது கண்ணு. என்னைப் போல் மெதுவாக எழுதுகிறவனுக்கென்றே வைத்திருந்த வேலை அது.

பரணில் இருந்த உன் ஐந்து பெட்டியையும் கண்காட்சிக்கு எடுத்துப் போனேன். அம்மாவும் வந்தாள், தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு. ஒரு பள்ளிக்கூட ஹாலில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டுத் தண்டவாளம் விரித்திருந்தார்கள். ரங்கசாமி ஐயா பெட்டியை வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, அடியைப் பார்த்தார், மேலே பார்த்தார். கதவை நகத்தால் திறந்தார். பலகை சாய்ந்து அவர் கட்டைவிரல்மேல் படிந்தது. அதை மூடி, மறுபடியும் தட்டிச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "இதுல காலை வெச்சு எத்தன தடவ சறுக்கீருக்கீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவைங்க. ஒருக்கா முட்டி போயிருச்சுங்க" என்று வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன்.

"எனக்கு இடுப்புங்க" என்றார் அவர். அப்போதுதான் சிரித்தார்.

எஞ்சினுக்குப் பின்னால் உன் ஐந்து, கடைசியில் என் ஒன்று. ஓடியது. வளைவில் உன் பெட்டிகள் கொஞ்சம் ஆடின, அதையும் சொல்லத்தான் வேண்டும். என்னுடையது ஊசியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஜம்மென்று திரும்பியது. பதினாலு சுற்று எண்ணினேன், அதற்குமேல் கண் மறைத்துவிட்டது. ஓர் ஆள் வந்து, கடைசிப் பெட்டி எந்த வெளிநாட்டுக் கம்பெனி என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "மங்கலத்துக் கம்பெனிங்க. ரெண்டே பேருதான் வேலைக்கு" என்றாள். இன்னொருவர் குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன எழுத்தை எந்தக் கடையில் அடித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒன்பது வருஷம் காத்திருந்தேன் போல. "கடையில இல்லீங்க. நான் எழுதுனதுங்க" என்றேன். எதுக்குங்க எழுத்துல கை வெச்சீங்க என்று நீ கேட்டாயே சரவணா, இதுதான் பதில்.

புறப்படும்போது ரங்கசாமி ஐயா ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் திருப்பூருக்குப் பஞ்சு வந்த பெட்டிகளில் பாதிக்குமேல் சீட்டில் வார்தா என்றுதான் இருக்குமாம். நீ போய்க் குடியேறிய ஊரிலிருந்து வந்த பாரத்தைத்தான் நான் அத்தனை வருஷமும் இறக்கியிருக்கிறேன். ஊர் பெயர் தெரியாமலே.

அட்டைப் பெட்டியைத் திறந்ததும் ஆறாவதன் பலகையைத் தட்டிப் பார். உள்ளே எட்டுப் பேல் இருக்கும். பனியன் வேஸ்ட் துணியை அமுக்கிக் கட்டியது. காலியாக அனுப்ப மனம் வரவில்லை. உன் ஐந்து பெட்டிக்கும் பலகை அறுக்க வேண்டும் என்று தோன்றினால் போன் செய், எங்கே அறுப்பது என்று சொல்கிறேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். ஆறாவது பெட்டியின் பக்கத்தில் சின்னச் சட்டம் ஒன்று வைத்து, அதில் ஒரு சீட்டும் செருகியிருக்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கிருந்து: திருப்பூர். எங்கே: வார்தா. அது எங்கே போகிறது என்று இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை.

இனி டேப்பை அறுக்கலாம். கத்தியை ஆழமாக இறக்காதே.

உன் அப்பா